வெளியே பூட்டு, உள்ளே ஆள்

பூட்டுக்காரரை யாருக்கும் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி தூரம் வந்தபிறகு, பரவாயில்லை, நல்ல மனுஷன் போலிருக்கிறதே என்று யாரும் ஏமாந்துபோக வேண்டாம்.

ஒரு மாடிப்படிக்கு அடியில் அவருடைய கடை. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். சாவி வெட்டும் மெஷின் ஒன்று, சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் வெட்டாத சாவிகள், உட்கார ஒரு முக்காலி. முப்பத்தொரு வருஷமாக உட்கார்ந்து தேய்த்ததில் அந்த முக்காலியும் அவரைப் போலவே வழுக்கையாகிவிட்டது. யாராவது வந்து நின்றால் "என்ன?" என்பார். வேலை முடிந்ததும் கூலியைச் சொல்வார். நடுவில் பேச்சு கிடையாது. தெருவில் அவருக்கு ஊமைப்பூட்டு என்று பேர். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

பூட்டு வேலை செய்கிறவன் எதையும் கேட்கக் கூடாது என்பது அவர் கட்சி. கூடப்பிறந்த அண்ணனை வெளியே நிறுத்திய தம்பிக்குப் பூட்டு மாட்டியிருக்கிறார். மருமகள் வேலைக்குப் போன நேரம் பார்த்து அவள் அறைப் பூட்டை மாற்றச் சொன்ன மாமியாருக்கு, அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஒரு தையல் கூடத்தில், ஷிப்டு முடிகிறவரை பெண்கள் எழுந்து போகக் கூடாது என்று முதலாளி வெளிப்பக்கமாகக் கொண்டி வைக்கச் சொன்னார். எத்தனை அங்குலம் என்று மட்டும்தான் கேட்டார் நம்மவர். அவர் சம்சாரமே ஒருதரம் பொறுக்கமாட்டாமல், "ஏங்க, உள்ள தீப்பிடிச்சா அதுங்க எப்படிங்க வெளிய வரும்?" என்று கேட்டாள். "அது முதலாளிக்கும் அதுங்களுக்கும் உள்ள விஷயம். ரெண்டு பேருக்குள்ள நாம போகக் கூடாது" என்றார்.

இந்த 'ரெண்டு பேருக்குள்ள' என்கிற பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போலீஸ்காரன் யாரையாவது அறையில் போட்டுப் பூட்டினால் ஊரே கூடிக் கத்துகிறது, உரிமை போச்சு என்கிறது. அதே காரியத்தை ஒரு முதலாளி செய்தால், வீட்டுக்காரன் செய்தால், அத்தனை பேரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அது ரெண்டு பேருக்குள்ள என்கிறார்கள். பூட்டப்பட்டவனுக்கு என்ன வித்தியாசம் என்று ஒருவனும் யோசிப்பதில்லை.

ஊமைப்பூட்டுக்கு விதிகள் இரண்டு இருந்தன. பூட்டச் சொன்னவர் யாரோ, அவர்தான் திறக்கச் சொல்ல வேண்டும். இது ஒன்று. வெளியே பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இல்லை. இது இன்னொன்று. இரண்டாவதை அவர் விதி என்றுகூட நினைத்ததில்லை. முப்பத்தொரு வருஷத்தில் ஒருதடவைகூட அது பொய்த்ததில்லை, அவ்வளவுதான். அந்தத் தையல் கூடத்தை அவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

அவருடைய பெரிய வாடிக்கை ஒரு வீட்டுக்காரர். அங்கங்கே நாற்பது வீடு வாடகைக்கு விட்டிருந்தார். ஆள் மாறும்போதெல்லாம் பூட்டு மாற்றுவார். ஆகவே பூட்டுக்காரரின் பாதி வேலை அவர் கொடுத்ததுதான். இந்த வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு பயம். தன் வீட்டில் யாராவது செத்துப்போய்விடுவார்களோ என்ற பயம். ஒரு சாவு விழுந்த வீட்டுக்கு மறுபடி ஆள் வராது, வந்தாலும் பேரம் பேசுவான். அதனால் ஒப்பந்தத்தில் ஒன்பதாவதாக ஒரு பிரிவு சேர்த்திருந்தார். குடியிருப்பவர் வீட்டில் நோயாளி எவரையும் வைத்திருக்கக் கூடாது. மீறினால் உரிமையாளர் வீட்டைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் குடியிருப்பவர் இப்போதே சம்மதிக்கிறார்.

அவருடைய ஒரு கட்டிடத்தில், தரைத்தளத்துப் பின்பக்க வீட்டில், பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிற ஒரு பெண்ணும் அவள் புருஷனும் குடியிருந்தார்கள். புருஷன் அதே டிப்போவில் டிரைவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் டிரைவர் கல்லுமாதிரி இருந்தபோது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அது. ஒன்பதாவது பிரிவை யார் படித்தார்கள்? சாவியை வாங்குகிற அவசரத்தில் காட்டின இடத்திலெல்லாம் போட்டுவிட்டு வந்தார்கள். பத்து மாதத்துக்கு முன் ஒருநாள் காலை டிரைவருக்கு வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரேயடியாகப் போய்விட்டன. இடது கை மட்டும் மிச்சம். பேசினால் கொழகொழவென்று ஏதோ வரும். அது பெண்டாட்டி ஒருத்திக்குத்தான் புரியும்.

அவள் வேலைக்குப் போகாமல் முடியாது. போகும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீரும் சாப்பாடும் வைத்து, வெளியே பூட்டிவிட்டுப் போவாள். பூட்டாமல் போன ஒருநாள், மனுஷன் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டே தெருவுக்கு வந்துவிட்டார். டியூட்டிக்குப் போகிறாராம். வண்டிகள் அவரைச் சுற்றிக்கொண்டு போயின. புருஷனை வைத்துப் பூட்டுகிறாளே என்று அவளைப் பேசுகிறவர்கள், ஒரே ஒருநாள் அவள் இடத்தில் இருந்து பார்க்கட்டும். அப்புறம் பேசட்டும்.

வீட்டுக்காரர் மூன்றுமுறை காலி பண்ணச் சொன்னார். மூன்றாவது முறை அவள், "வேற வீடு எவன் குடுப்பான் எங்களுக்கு? கேஸ் போட்டுக் காலி பண்ண வைங்க, பாக்கலாம்" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவருக்கு அவளைக் கண்டால் ஆகாது. பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, காய்ச்சல் என்று டிரைவரை ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றிப் போவதைப் பார்த்தார். ஊசி போட்டு, புத்தகத்தில்கூடப் பதியாமல், அன்று சாயங்காலமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதை அவர் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அவர் கண் டாக்டரிடம் போயிருந்தார். நான் வேண்டுமென்று சொல்லவில்லை, உண்மையாகவே கண் டாக்டரிடம்தான் போயிருந்தார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவரே கடைக்கு வந்தார்.

"ஏம்ப்பா, பின்பக்க வீட்டுக்கு ஒரு கொண்டி வச்சு நம்ம பூட்டு ஒண்ணு போடணும். அவ போட்ட பூட்டைத் தொடாதே. அதுக்கு மேல போடு."

"சரிங்க சார்."

"கதவைத் திறக்க வேண்டாம். உள்ள காலை வச்சா அதைக் காணோம் இதைக் காணோம்னு கேஸ் குடுப்பா. என் வக்கீல் சொல்லிட்டார். பூட்டினாப் போதும்."

ஏன் என்று பூட்டுக்காரர் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பின்பக்கத்துச் சந்தில் குப்பைத்தொட்டிகளும் ஒரு உடைந்த சைக்கிளும் கிடந்தன. மேல்மாடிக்காரர்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். கதவு பழைய பலகைக் கதவு. இடுப்பு உயரத்தில் ஒரு சின்னப் பூட்டு தொங்கியது. விதி சரியாக இருக்கிறது, உள்ளே ஆள் இல்லை. அதற்கு ஒரு சாண் மேலே பென்சிலால் புள்ளி வைத்தார். நல்ல தடித்த கொண்டி, கதவை ஊடுருவிப் போகிற நாலு போல்ட். டிரில் மெஷினை வைத்து அழுத்தினார்.

மூன்றாவது துளை பாதியில் இருக்கும்போது டொக், டொக் என்று ஏதோ கேட்டது. மெஷினை நிறுத்தினார். டொக் என்று இன்னொன்று. கீழே, தரைப்பக்கமாக.

"என்னப்பா?" என்றார் பின்னால் நின்ற வீட்டுக்காரர்.

"ஏதோ சத்தம் சார்."

"எலியா இருக்கும். மேல் வீட்டுப் பைப்பா இருக்கும். ஆளுங்க ஆஸ்பத்திரியில இருக்காங்கப்பா, நான் என் கண்ணால பாத்தேன்."

பூட்டுக்காரர் காதைக் கொடுத்துக் கேட்டார். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றுமே இல்லை. கதவில் ஒரு தட்டுத் தட்டி, யாராவது இருக்கீங்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கூலியா குறைந்துபோகும்? கேட்கவில்லை. சந்தில் நின்றவர் நாற்பது வீட்டுக்கு முதலாளி. மூன்றாவது துளையை முடித்து நாலாவதையும் போட்டார். கடையிலேயே கெட்டியான பூட்டு ஒன்றை மாட்டி, இழுத்துப் பார்த்து, சாவியை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் நாலு மணிக்கு அவள் கடை வாசலில் வந்து நின்றாள். டிப்போவில் போடுகிற ரப்பர் பூட்ஸ் கழற்றவில்லை. கையெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது.

"அண்ணே, என் வீட்டுக் கதவுல இன்னொரு பூட்டு தொங்குது. நீங்க வந்து போட்டீங்கன்னு முன்வீட்டுப் பாட்டி சொல்றாங்க. உடனே வந்து திறங்க. என் வீட்டுக்காரர் உள்ள இருக்கார்."

பூட்டுக்காரர் கையிலிருந்த சாவியைக் கீழே வைத்தார். ஆனால் வாய் பழக்கப்பட்ட வழியிலேயே போயிற்று. "உள்ள ஆள் இல்லைன்னாங்களேம்மா."

"யார் சொன்னது? கட்டின பெண்டாட்டி நான் சொல்றேன், உள்ள இருக்கார். காலையில ஆறு மணியிலேருந்து இருக்கார். வாங்கண்ணே!"

"பூட்டச் சொன்னவர் சொல்லணும்மா. அவர் சொல்லாம நான் தொட்டா அது திருட்டு."

"மனுஷனைப் பூட்டலாம், பூட்டைத் தொடக் கூடாதா?"

அவர் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். அவள் மூன்றாவதுக்குக் காத்திருக்கவில்லை. அவர் முகத்துக்கு நேராக, "நீ நல்லா இருப்பியா?" என்று கேட்டுவிட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்தவர் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தார். கையெழுத்து உன்னுதுதானே என்றார். ஆமாம் என்றாள். "இது உனக்கும் வீட்டு ஓனருக்கும் உள்ள விவகாரம்மா. நாங்க தலையிட முடியாது. கோர்ட்டுக்குப் போ" என்றார். "கோர்ட்டு திறக்கிற வரைக்கும் அவருக்கு யாரு சார் தண்ணி குடுப்பா?" என்று அவள் கேட்டதற்கு அவர் வேறு ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டார்.

கடைசியில் டிப்போதான் வந்தது. கூட வேலை செய்கிற இரண்டு பேர் டயர் கழற்றும் கம்பியோடு வந்து, கதவின் அடிப்பலகையை நெம்பிப் பெயர்த்தார்கள். ஒரு ஆள் ஊர்ந்து போகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது. அவள் ஊர்ந்து போனாள். டிரைவர் கட்டிலில் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம், வாசற்படியை ஒட்டி, தரையில் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. வேட்டி நனைந்து காய்ந்திருந்தது. உயிர் இருந்தது.

கூட்டம் கூடிய பிறகு வீட்டுக்காரர் வந்தார். சாவியைப் போட்டு மேல்பூட்டைத் திறந்தார், அவள் சாவியில் கீழ்ப்பூட்டு திறந்தது. டிரைவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பூட்டுக்காரரும் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். பலகை சிதறிக் கிடந்தது, அவர் மாட்டிய கொண்டியும் பூட்டும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தன. அந்த நேரத்திலும் அவர் கண் முதலில் அதைத்தான் பார்த்தது. அப்பேர்ப்பட்ட மனுஷன்.

ஒன்பதாவது பிரிவைக் காட்டி, வீட்டைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லி வீட்டுக்காரரே கேஸ் போட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வேறு போக்கிடம் இல்லாமல் அவர்கள் அதே வீட்டில்தான் இருந்தார்கள், தீர்ப்பு வரும்வரை யாரும் தொடக் கூடாது என்று கோர்ட்டு சொல்லியிருந்தது. வீடு அவளுக்கு நிற்குமா நிற்காதா என்பதுதான் கேள்வி. தெருவுக்கு வந்தால் டிரைவர் அதிக நாள் தாங்கமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும், வீட்டுக்காரருக்கும் தெரியும்.

வீட்டுக்காரர் ஒரு கதை ஜோடித்தார். உள்ளே யாரும் இருக்கவில்லை, சாயங்காலம் இவள்தான் பூட்டை உடைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து புருஷனைக் கொண்டுவந்து கிடத்தி நாடகம் போட்டாள் என்று. டிப்போ ஆட்கள் சொன்னதை, அவளுடைய ஆட்கள் வேறு எப்படிச் சொல்வார்கள் என்று அவர் வக்கீல் ஊதித் தள்ளினார். பாட்டிக்குப் பார்வை சரியில்லை. கூட்டமாக நின்றவர்கள் அது ரெண்டு பேருக்குள்ள என்று ஒதுங்கிக்கொண்டார்கள். பொதுவான ஆள் என்று மிஞ்சியது பூட்டுக்காரர் ஒருவர்தான்.

சாட்சிக்கு முந்தினநாள் வீட்டுக்காரர் கடைக்கு வந்து, அந்த முக்காலியிலேயே உட்கார்ந்தார். பூட்டுக்காரர் நின்றார்.

"பெரிசா ஒண்ணும் பேச வேண்டாம்ப்பா. உடைஞ்ச பூட்டு ஒண்ணைக் காட்டுவாங்க. இதான் நான் போட்ட பூட்டுன்னு சொல்லு. உள்ள ஆள் இல்லைன்னு சொல்லு. உனக்குத்தான் பேசவே பிடிக்காதே, ரெண்டே வார்த்தை."

பூட்டுக்காரர் தலையை ஆட்டினார். வீட்டில் சம்சாரத்திடம் சொன்னபோது அவளும், "சொல்லிட்டு வாங்க. நமக்குச் சோறு போடுறது அந்த நாப்பது வீடு. பஸ் கழுவறவ வந்து போடப்போறாளா?" என்றாள். நல்ல ஜோடி.

கோர்ட்டில் வீட்டுக்காரரின் வக்கீல்தான் முதலில் பேசினார். சட்டப் புத்தகத்தைத் தொட்டுத் தொட்டுப் பேசினார். உயிர் வாழும் உரிமை, கௌரவமாக இருக்கும் உரிமை எல்லாம் பெரிய விஷயங்கள்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அவை அரசாங்கத்தின் கையைக் கட்டுவதற்காக வந்தவை, என் கட்சிக்காரர் அரசாங்கம் இல்லை, தன் வீட்டை வாடகைக்கு விட்ட சாதாரண மனிதர், இரண்டு பேர் மனமொத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அதில் உரிமை எங்கே வந்தது என்றார்.

அவள் பக்கத்துக்கு இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீல் அம்மா வந்திருந்தாள். சளி பிடித்து, பேச்சுக்குப் பேச்சு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்துப் போட்டா என்ன வேணா செய்யலாமா? எனக்கு வியாதி வந்தா என்னை வச்சுப் பூட்டுங்கன்னு ஒருத்தர் எழுதிக் குடுத்தா அது செல்லுமா? இவருக்கு இந்தக் காகிதம் மட்டும் போதும்னா இங்க வந்திருக்கவே மாட்டார். அந்த ஒன்பதாவது பிரிவுக்குக் கோர்ட்டு கை குடுக்கணும்னு கேட்டு வந்திருக்கார். கோர்ட்டு அரசாங்கம்தானே? இவர் பூட்டினது ஒரு தடவை. நீங்க ஆமான்னு சொன்னா, ரெண்டாவது தடவை பூட்டறது நீங்க."

நீதிபதி அம்மா எதையோ குறித்துக்கொண்டாள். பிறகு பூட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்காரரின் வக்கீல் ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து பூட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். வளையம் நெளிந்து, வயிறு பிளந்திருந்தது.

"சம்பவத்தன்னிக்கு நீங்க மாட்டின பூட்டு இதுதானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. வீட்டுக்காரர் முன்வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டுக்காரர் அதைப் புரட்டினார். வளையத்தின் அடியைப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். அவர் முகம் கறுத்தது.

"இதா?" என்றார்.

"ஆமா, இதுதானே?"

"இந்தத் தகர டப்பாவா? இதை நான் போட்டேன்னு யார் சொன்னது? இது பொம்மைப் பூட்டு சார்! கொண்டை ஊசியில திறக்கலாம்! என் பூட்டு ஒவ்வொண்ணுலயும் வளையத்துக்கு அடியில அரத்தால மூணு கீறு போட்டிருப்பேன். முப்பத்தொரு வருஷமா போடறேன். இதுல இருக்கா? காட்டுங்க, எங்க இருக்கு?"

வக்கீல் கையை நீட்டினார், பூட்டை வாங்கிக்கொள்ள. பூட்டுக்காரர் கொடுக்கவில்லை. ஊமை என்று பேர் எடுத்த மனுஷனுக்கு அன்றைக்கு வாய் அடைக்கவில்லை.

"நான் போட்டதை யாரும் உடைக்கலை. டயர் கம்பியில உடைக்கவும் முடியாது. கதவைத்தான் உடைச்சாங்க. பூட்டை இந்த சார்தான் வந்து சாவி போட்டுத் திறந்தார், நான் பக்கத்துலதான் நின்னேன்."

வீட்டுக்காரருக்குப் பூட்டு என்றால் பூட்டு. எந்தக் கடையிலோ ஒன்றை வாங்கிச் சுத்தியலால் அடித்துக் கொண்டுவந்துவிட்டார். நாற்பது வீட்டுக்குப் பூட்டு வாங்கியவர், ஒருநாளும் ஒன்றையாவது திருப்பிப் பார்த்ததில்லை.

சளி வக்கீல் எழுந்தாள். "கதவுல இருந்த ஓட்டை எவ்வளவு பெரிசு?"

"ஒரு ஆள் ஊர்ந்து போகலாம்."

"கை கால் வராத ஒருத்தரை வெளியிலேருந்து அதுக்குள்ள கொண்டுபோக முடியுமா?"

பூட்டுக்காரர் அப்போதுதான் தான் எங்கே வந்து நிற்கிறோம் என்பதைக் கண்டார். பூட்டுக்கு ரோஷப்பட்டு வாயைத் திறந்தார், கதவு முழுசாகத் திறந்துகொண்டது. "முடியாது" என்றார்.

நீதிபதி அம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "நான் ஒண்ணு கேக்கறேன். இதுக்கு நீங்க சொல்ற பதில் உங்க பேர்லயே கேஸாத் திரும்பலாம். சொல்லாமலும் இருக்கலாம். பூட்டும்போது உள்ளேருந்து ஏதாவது சத்தம் கேட்டுதா?"

முன்வரிசையில் வீட்டுக்காரர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார், லேசாக. பின்வரிசையில் அவள் இருந்தாள், அதே ரப்பர் பூட்ஸோடு. பூட்டுக்காரர் அவளைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பூட்டைப் பார்த்தார்.

"கேட்டுதும்மா. மூணு தடவை தட்டற சத்தம். இவர்கிட்ட சொன்னேன். எலின்னார்."

"நீங்க எலின்னு நினைச்சீங்களா?"

"இல்லை. ஆனா அதுக்கப்புறம் சத்தம் வரலை. நின்னுடுச்சு. அதனால ஆள் இல்லைன்னு வச்சுக்கிட்டேன்."

"நினைச்சீங்களா, வச்சுக்கிட்டீங்களா?"

"வச்சுக்கிட்டேம்மா."

தீர்ப்பு இரண்டு வாரத்தில் வந்தது. ஒன்பதாவது பிரிவு செல்லாது. ஒப்பந்தம் இரண்டு பேருக்குள்தான், ஆனால் ஒரு மனிதனின் உயிரையும் மானத்தையும் வைத்து எழுதப்பட்டதை இந்தக் கோர்ட்டு யாருக்காகவும் நடத்திக் கொடுக்காது. கோர்ட்டு உத்தரவு இல்லாமல் எந்த வீட்டுக்காரரும் குடியிருப்பவர் கதவில் பூட்டு போடக் கூடாது. நோயைக் காரணம் காட்டி அவர்களைக் காலி செய்யவும் கூடாது. வீடு அவளுக்கு நின்றது. ஆள் உள்ளே இருக்கப் பூட்டியதற்குத் தனியாக ஒரு கிரிமினல் கேஸ். அதில் வீட்டுக்காரர் முதல் எதிரி, பூட்டுக்காரர் இரண்டாவது.

நாற்பது வீடும் போயிற்று. சம்சாரம் மூன்று நாள் அவருக்குச் சாப்பாடு எடுத்து வைக்கவில்லை. "ஒரு பூட்டுக்காகக் குடும்பத்தையே தூக்கிப் போட்டுட்டு வந்திருக்கீங்க" என்றாள். அவர் தானே போட்டுச் சாப்பிட்டார். ஆனால் உள்ளுக்குள் ஒரு நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது, இவ்வளவு நஷ்டப்பட்டு உண்மையைச் சொல்லியிருக்கிறோம், அந்தப் பெண் ஒருநாள் வந்து கையெடுத்துக் கும்பிடுவாள் என்று. மனுஷ புத்தி.

அவள் வந்தாள். கும்பிடவில்லை.

"கோர்ட்டுல ஜட்ஜ் அம்மாகிட்ட சொன்னீங்க. அவங்களையா வச்சுப் பூட்டினீங்க? வீட்டுக்கு வந்து அவர்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

"அவருக்குப் புரியுமாம்மா?"

"கை காலுதான் வரலை. காது நல்லாக் கேக்கும்."

கடையைச் சாத்திவிட்டு அவள் பின்னாலேயே போனார். கதவின் அடியில் தகரம் அடித்திருந்தது. மேலே அவருடைய கொண்டியும் நாலு போல்ட்டும் அப்படியே இருந்தன, யாரும் கழற்றவில்லை. உள்ளே ஒரே அறை. கட்டில், ஒரு நாற்காலி, கொடியில் டிரைவரின் பழைய யூனிஃபார்ம் சட்டை. டிரைவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் நாற்காலியைக் காட்டவில்லை. அவரும் உட்காரவில்லை.

"ஐயா, அன்னைக்கு வெளியில மெஷின் வச்சு ஓட்டினது நான்தான். நீங்க தட்டின சத்தம் எனக்குக் கேட்டுது. கேட்டுட்டுத்தான் பூட்டினேன்" என்றார். முப்பத்தொரு வருஷத்தில் யாரிடமும் அவ்வளவு நீளமாகத் தானாகப் பேசியதில்லை.

டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் இருந்தால் தேவலை. இல்லை. வாய் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு என்னவோ சொல்ல ஆரம்பித்தார். நெடுநேரம் சொன்னார். பூட்டுக்காரருக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. அவள் துண்டால் புருஷன் வாயைத் துடைத்துவிட்டாள். அவள் முகம் என்னவோபோல் ஆகியிருந்தது. இதை அவளே அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்கிறாள் போலிருந்தது.

"என்னம்மா சொல்றார்?"

"தட்டினதும் மெஷின் நின்னுச்சாம். அப்பாடா, வெளியில கேட்டுடுச்சுன்னு தட்டறதை நிறுத்திட்டாராம்."

பூட்டுக்காரர் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"மறுபடி ஓட்டினதும், திறக்கத்தான் துளை போடறாங்கன்னு நினைச்சுக்கிட்டுப் பேசாமப் படுத்திருந்தாராம்."